கரிசல் வட்டார வீடுகளில் ஓதமும் பூசணமும்: விருதுநகர், சிவகாசிப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

வீட்டுச் சுவரிலும் துணியிலும் மரச்சாமானிலும் தானியத்திலும் பூக்கும் பூசணம் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கேரளம், கடலோரம், மலைநாடு ஆகியவற்றை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் தங்கும் இடங்கள் அவை. விருதுநகர் மாவட்டம் அப்படியல்ல. மழை மறைவுப் பகுதி, கரிசல் காடு, கந்தக வாடை வீசும் வறண்ட ஊர்கள். ஆனாலும் கார்த்திகை, மார்கழியில் சிவகாசியிலோ சாத்தூரிலோ அருப்புக்கோட்டையிலோ ஒரு வீட்டுக்குள் நுழைந்து பீரோவை ஓரடி இழுத்துப் பார்த்தால், அதன் பின்சுவரில் கரும்புள்ளிகள் படர்ந்திருப்பதைக் காணலாம்.

வறண்ட ஊரில் பூசணம் ஏன் வருகிறது, அதைத் தடுக்க இவ்வட்டாரத்துக்கு உகந்த முறை எது என்பன இக்கட்டுரையின் இரு கேள்விகள். இங்குள்ள பூசணத்துக்கு வானத்து மழை பாதிக் காரணமே. மறுபாதியை வறட்சிக்கு அஞ்சி நாம் அமைத்துக்கொண்ட வீடும் பழக்கமும் தருகின்றன. இரண்டாவது கேள்விக்கான விடை வெகுதொலைவில் இல்லை. ஈரத்தோடு நூறாண்டாகப் போராடிவரும் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்கள் இதே ஊர்களில் இருக்கின்றன. அவை கடைப்பிடிக்கும் ஒழுங்கில் ஒரு பங்கு வீட்டுக்குள் வந்தாலே போதும்.

2. வட்டாரத்தின் ஈரப் பருவம்

1985-ல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவமழை. அதாவது ஐப்பசி, கார்த்திகையைச் சுற்றிய சில வாரங்களில் ஆண்டின் பாதி மழை கொட்டித் தீர்க்கிறது. மேற்கே இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகிய மலையடி ஊர்களில் ஈரம் சற்றுக் கூடுதல். கிழக்கே செல்லச் செல்லத் தரை கறுத்துக் கரிசலாகிறது.

இந்த வறட்சியே தொழிலுக்கு வழி திறந்தது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி இங்கே அதைத் தொடங்கினார்கள். மண் விளைச்சல் தராத ஊரில் வெயிலே மூலதனம் ஆயிற்று. குச்சி காய வேண்டும், மருந்து காய வேண்டும், ஒட்டிய அட்டை காய வேண்டும். காயவைக்கும் செலவு இங்கே கிட்டத்தட்ட இல்லை. ஆண்டில் ஒன்பது மாதம் வானமே உலர்த்தித் தரும் ஊரில், மீதி மூன்று மாதத்துக்கென்று தனியாக வீட்டைக் கட்ட எவருக்கும் தோன்றவில்லை. ஓதத் தடுப்பு இங்கே கட்டட மரபாக வேர்விடாததற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. மலையாள நாட்டின் சரிந்த கூரையும் நீண்ட இறவாரமும் மழையை எண்ணி வந்தவை. நம் மொட்டை மாடி வெயிலை எண்ணி வந்தது. வத்தல் காயப்போட, வடகம் பிழிய, கோடை இரவில் படுக்க. அந்த மொட்டை மாடிதான் ஐப்பசியில் குளமாகித் தேங்குகிறது.

கரிசல் மண்ணின் இயல்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கோடையில் கைநுழையும் அளவு வெடிக்கும் இந்த மண், மழையில் ஊறிப் பருக்கிறது. ஆண்டுதோறும் சுருங்கி விரியும் மண்மேல் ஆழமில்லாத அடித்தளம் போட்டுக் கட்டிய வீட்டில் சுவர் கீறுகிறது. கீறல் வழியே சாரல் உள்ளே வருகிறது. செம்மண்போல் இது தண்ணீரை விரைவாகக் கீழே விடுவதும் இல்லை. மழை நின்று பல வாரம் கழிந்தும் அடித்தளத்தைச் சுற்றிய மண் ஈரமாகவே கிடக்கும். மார்கழியில் வானம் வெளுத்த பின்னும் சுவரடியில் ஓதம் ஏறிக்கொண்டிருப்பது இதனால்தான்.

3. பூசணம் வாழும் நிலை

பூசண வித்துகள் எங்கும் மிதக்கின்றன. அவற்றை வீட்டுக்குள் வரவிடாமல் செய்ய எவராலும் முடியாது. வித்து முளைக்க வெப்பம், உணவு, ஈரம் மூன்றும் தேவை. வெப்பம் நம்மிடம் எப்போதும் உண்டு. உணவும் உண்டு: காகிதம், பசை, பருத்தி, தோல், மரம், வண்ணப்பூச்சிலுள்ள பிசின், சுவரில் படிந்த தூசி, எண்ணெய்ப் பிசுக்கு. நம் கையில் எஞ்சியிருக்கும் கடிவாளம் ஈரம் ஒன்றே.

ஒரு பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பெரும்பாலான வீட்டுப் பூசணங்கள் முளைத்துவிடும். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அநேகமாக எதுவும் முளைக்காது. நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்ந்துவிட்டால் பூசணத்துக்கு வாய்ப்பு மிகக் குறைவு. கறுப்பாகப் படர்வது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம் அல்லது ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர், பச்சையும் நீலமுமாகப் பூப்பது பெனிசிலியம் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் வீட்டுக்காரருக்கு இனம் முக்கியமல்ல. எல்லாவற்றையும் அடக்குவது அந்த ஈர அளவுதான்.

பரப்பை ஒட்டிய காற்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அறை நடுவே வைத்த ஈரமானி 75 சதவீதம், வெப்பம் 26 டிகிரி என்று காட்டட்டும். அந்தக் காற்றின் ஒவ்வொரு கனமீட்டரிலும் சுமார் 18 கிராம் நீராவி இருக்கிறது. மழையில் நனைந்து 22 டிகிரிக்குக் குளிர்ந்துவிட்ட வெளிச்சுவரின் உட்புறத்தை அதே காற்று தொட்டால், அந்த வெப்பத்தில் காற்று ஏற்கக்கூடிய மொத்த அளவே 19 கிராம் சொச்சம்தான். ஆகச் சுவரை ஒட்டி ஈரப்பதம் 94 சதவீதம் ஆகிவிடுகிறது. அறை காய்ந்திருப்பதாக நாம் நம்பிக்கொண்டிருக்க, பீரோவின் முதுகுப்புறம் பூசணத்துக்கு வேண்டிய நிலை அமைந்துவிடுகிறது. சுவரோடு ஒட்டிய கட்டில் தலைமாட்டிலும், மாட்டிய நாட்காட்டி அட்டையின் பின்னாலும், பரணின் மூலையிலும் நடப்பது இதுவே.

4. ஓதம் வரும் வழிகளைப் பிரித்தறிதல்

வண்ணப்பூச்சுக் கடையில் போய் “சுவர் ஓதம் காக்குது” என்றால், எங்கே, எப்போது, எந்த உயரத்தில் என்று கேட்காமலே ஒரு டப்பாவை எடுத்துத் தருவார்கள். இவ்வட்டார வீடுகளில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. ஓதம் நான்கு வழியில் வரும். நான்குக்கும் மருந்து வேறுவேறு.

4.1 கீழிருந்து ஏறும் ஓதம்

தரையிலிருந்து இரண்டடி மூன்றடி வரை, அலைபோல் ஒரு கோட்டில் நிற்கும். பூச்சு பொரிந்து உதிரும். வெள்ளையாக உப்பு பூக்கும். உப்பைப் பூசணம் என்று மயங்குவோர் பலர். ஒரு துளித் தண்ணீர் விட்டால் உப்பு கரைந்துவிடும்; பூசணம் கரையாது, தேய்த்தால் விரலில் கறையாக இழுபடும். அடித்தளத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓதத்தடுப்பு அடுக்கு போடாமல் கட்டிய வீடுகளில் இது நிச்சயம். போட்டிருந்தாலும், பின்னால் தெருவை உயர்த்தி உயர்த்திச் சாலை போட்டதால் அந்த அடுக்கு மண்ணுக்குள் புதைந்து பயனற்றுப் போன வீடுகளும் ஏராளம்.

இதில் உப்புத்தண்ணீருக்கும் பங்கு உண்டு. கரிசல் ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் கலவை குழைத்து, அதையே ஊற்றிப் பதப்படுத்திய சுவரில் உப்பு தங்கிவிடுகிறது. கோடையில் அது தூங்கும். காற்றில் ஈரம் கூடியதும், ஒரு சொட்டு மழை படாமலே, அந்த உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துச் சுவரை நனைக்கும்.

இப்படி ஏறும் ஓதத்தை உட்புறம் நீர்புகா வண்ணம் பூசி அடைப்பது தவறு. நீர் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். இரண்டடியில் நின்றது நான்கடிக்குப் போகும். வெளிப்புறம் சுவரை ஒட்டி இரண்டு மூன்றடி அகலத்துக்குச் சரிவான சிமெண்ட் தளம் போட்டு மழைநீரை விலக்க வேண்டும். உட்புறம் கெட்ட பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்க ஆறவிட்டு, நல்ல தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புக் கலவையால் பூச வேண்டும். சுவர் மூச்சுவிடும் பூச்சு அது. அவசரமாகப் பூசுபவர் அடுத்த கார்த்திகையில் அதே கொத்தனாரைத் தேடிப் போவார்.

4.2 மேலிருந்து இறங்கும் கசிவு

கூரையிலும் சுவரின் மேல்பகுதியிலும் வட்டமாகத் திட்டு விழும். மழை பெய்த மறுநாள் பெரிதாகும். தளத்தில் எட்டடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில்தான் பெரும்பாலான கசிவு தொடங்குகிறது. அந்தக் கோணத்தைச் சிமெண்ட் கலவையால் உருட்டி வளைவாக்கி விடுவது பழைய கொத்தனார்கள் தவறாமல் செய்த வேலை. மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்து தளத்தில் ஓடிக்கொண்டே இருப்பதை ஊரில் எவரும் குற்றமாகக் கருதுவதில்லை. அந்த வழிசல் ஆண்டு முழுவதும் பெய்யும் மழைக்குச் சமம்.

4.3 குழாய்க் கசிவு

கோடையிலும் காயாத திட்டு என்றால் குழாய்தான். குளியலறைக்கு அடுத்த அறைச் சுவரை முதலில் பார்க்க வேண்டும்.

4.4 ஆவி படிதல்

மூலைகளிலும் பீரோ, கட்டில் பின்னும் சன்னலுக்கு மேலும் புள்ளிபுள்ளியாகப் பூசணம். சுவர் உதிர்வதில்லை, உப்பும் இல்லை. வீட்டுக்குள் பிறக்கும் நீராவியால் வருவது இது.

ஐயம் வந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. சுவரில் ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் இறுக்கி ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். தாளின் உட்புறம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் வேர்த்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. எந்தச் செலவும் செய்யுமுன் இதைச் செய்துவிட வேண்டும்.

5. தண்ணீர்ப் பஞ்சம் தரும் ஈரம்

குழாயில் தண்ணீர் பல நாளைக்கு ஒருமுறை வரும் ஊர்கள் இவை. தாமிரபரணியிலிருந்து கூட்டுக் குடிநீர் வந்த பின்னும் சேமித்து வைக்கும் பழக்கம் போகவில்லை; போகவும் முடியாது. தண்ணீர் வரும் நாளில் வாசலுக்கடியிலுள்ள தரைத்தொட்டி, சமையலறை மூலையிலுள்ள பிளாஸ்டிக் டிரம், குளியலறைச் சிமெண்ட் தொட்டி, வரிசையான குடங்கள் எல்லாம் நிரம்புகின்றன. வறண்ட வட்டாரத்தில் ஒரு வீடு, தனக்குள் ஆயிரக்கணக்கான லிட்டர் நீரைக் கட்டிவைத்துக்கொண்டு வாழ்கிறது. தரைத்தொட்டியின் சுவரே வீட்டுச் சுவரின் அடித்தளமாகவும் இருந்தால் ஓதத்துக்கு வேறு ஊற்று வேண்டியதில்லை. மூடியில்லாத தொட்டி இரவு பகலாக ஆவி விடும். டெங்குக் கொசுவுக்கு அஞ்சித் தொட்டியை மூடச் சொல்லும் சுகாதாரப் பணியாளரின் அறிவுரை ஓதத்துக்கும் மருந்துதான்.

வெயிலுக்கும் தூசிக்கும் அஞ்சிச் சன்னலைச் சிறிதாக வைத்தோம். இடமில்லாமல் சுவரோடு சுவர் ஒட்டி வீடு கட்டினோம். மேலே இருந்த வெண்டிலேட்டரைக் கொசுவலை போட்டு, பிறகு அட்டை வைத்து அடைத்தோம். காற்று குறுக்கே ஓட வழியில்லாத இந்த அறைகளில் நான்கு பேர் வாழ்ந்தால், மூச்சு, வியர்வை, சமையல், குளியல், துணி உலர்த்தல் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 லிட்டர் நீர் காற்றில் கலக்கும். எரிவாயு எரியும்போதும் நீராவி உண்டாகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது சுமார் 22 லிட்டர் நீர் ஆவியாக வீட்டுக்குள் வந்திருக்கும். உலை கொதிக்கும் ஆவி இதில் சேராது.

வீட்டுவேலையாக நடக்கும் தொழிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெட்டி ஒட்டுதலும் காகிதக் குழாய் சுற்றுதலும் இவ்வட்டாரப் பெண்களின் நெடுநாள் உழைப்பு. பசை தடவிய குழாய்களும் அட்டைகளும் மழைநாளில் வெளியே போட வழியின்றி, குடும்பம் தூங்கும் அறையிலேயே விரித்துக் கிடக்கின்றன. அந்தப் பசையின் ஈரம் முழுவதும் அறைக் காற்றில்தான் சேரும். மைதாப் பசை பூசணத்துக்கு விருப்பமான உணவும்கூட. பசை கெடாமலிருக்க மயில்துத்தம் கலப்பது இதற்காகவே. மயில்துத்தம் நஞ்சு. அது கலக்கும் பாத்திரத்தைச் சமையலறையில் புழங்கவே கூடாது. கூலிக்கு ஒட்டும் பெண்ணுக்குக் கூரையுள்ள, காற்றோட்டமான பொது உலர்த்தும் கொட்டகை ஒன்று தெருவுக்கு இருந்தால், அவர் குழந்தையின் இருமல் குறையும். வேலை கொடுப்போர் இதைத் தம் பொறுப்பாக ஏற்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கோருகிறேன்.

6. தொழிற்கூடங்கள் அறிந்த ஒழுங்கு

நமுத்த பட்டாசு மருந்து வெடிக்காது என்பது ஊருக்கே தெரியும். நமுத்த மருந்தால் ஆபத்து விளையவும் கூடும் என்பது தொழிலில் இருப்போருக்குத் தெரியும். அலுமினியத் தூள் கலந்த நைட்ரேட் கலவையில் ஈரம் புகுந்தால் வேதிவினை தொடங்கி உள்ளுக்குள் சூடு ஏறும். அதைத் தடுக்கச் சிறிதளவு போரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. சோடியம் நைட்ரேட் மலிவானதாயினும் காற்றின் ஈரத்தை இழுப்பதால், ஈரத்தை எளிதில் இழுக்காத வெடியுப்பையே மருந்துக்குத் தேர்ந்தார்கள். ஆக, ஈரத்தை இழுக்காத பொருளைத் தேர்ந்தெடுப்பதே இத்தொழிலின் முதல் காப்பு. வீடு கட்டும்போது உப்புத்தண்ணீரையும் உப்பு மணலையும் தவிர்ப்பது இதே நியாயந்தான்.

பட்டாசில் சேரும் மணி மருந்து திறந்த மேடையில், வெயில் ஏறிய பின் பரப்பப்பட்டு, இறங்குமுன் எடுக்கப்படுகிறது. காயாத சரக்கை மூட்டை கட்டுவதில்லை. மழைநாளில் வேலை நிற்கிறது. அந்நாளின் கூலி போகிறதே என்ற வருத்தம் வேறு, ஈரத்தோடு சமரசம் இல்லை என்பது வேறு. தீபாவளி சரியாக ஐப்பசியில், மழை தொடங்கும் வேளையில் வருவதால், விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு பெட்டியும் மழையைத் தாங்கும் உறையோடு போகிறது.

அச்சுக்கூடங்களின் நிலை இன்னும் கூர்மையானது. ஆடிப்பெருக்கில் நாட்காட்டி மாதிரிகள் வெளியாகி, ஐப்பசி முதல் மார்கழி வரை அச்சு ஓயாமல் ஓடும். ஆண்டின் ஈரமான நாட்களும் வேலை மிகுந்த நாட்களும் ஒன்றாகவே வருகின்றன. ஈரம் குடித்த காகிதம் ஓரம் நெளியும், வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரா, மை காயாது. எனவே ஆப்செட் கூடங்கள் ஈரப்பதத்தை 50, 55 சதவீதத்தை ஒட்டி நிறுத்த முயல்கின்றன. ரீம்களைப் பலகைமேல், சுவரிலிருந்து விலக்கி, உறை பிரிக்காமல் அடுக்குகின்றன. அதே கூடத்தில் வேலை செய்பவர் வீட்டில் அரிசி மூட்டை தரையில், சுவரில் சாய்ந்து கிடக்கிறது. காகிதத்துக்குக் கிடைக்கும் கவனம் அரிசிக்கும் பாடப்புத்தகத்துக்கும் கிடைக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்கு ஈரமானி கிடைக்கிறது; வீட்டுக்கு ஒன்று வாங்கலாம்.

7. காரைவீடும் சிமெண்ட் வீடும்

விருதுநகரின் பழைய வணிகத் தெருக்களில் நிற்கும் காரைவீடுகளில் சுவர் தடிப்பு, சுண்ணாம்புப் பூச்சு, தளத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடுக்காய், கருப்பட்டி ஊறிய நீரும் சேர்த்து நாள்கணக்கில் அடித்து இறுக்கிய அடுக்கு, அதன்மேல் தட்டோடு. நடுவில் வானம் பார்த்த முற்றம். ஆவி எழுந்து வெளியேறும் இயற்கைப் புகைபோக்கி என்றே அதைச் சொல்லலாம். முற்றத்தில் மழை விழுந்தாலும் வீடு உலர்ந்திருந்ததற்குக் காரணம் அந்தக் காற்றோட்டம்.

ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கத்தை இவ்விடத்தில் ஆராய்ச்சிக் கண்ணோடு பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து, சுவர் ஆறத் தொடங்கும் வேளையில் வருகிறது பொங்கல். நீற்றிய சுண்ணாம்பின் காரத்தன்மை (pH) 12-ஐத் தாண்டும். அதில் பூசணம் பிழைக்காது. ஆனால் அந்தக் காரம் நிலைக்காது. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சுண்ணாம்புக் கல்லாக மாறிக் காரம் இழக்கும். அதனால்தான் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. பொருட்களை எல்லாம் வெளியே எடுத்துப்போட்டு, வெயில் காட்டி, சுவரின் நான்கு மூலையும் கண்ணில் படும்படி செய்ததும் அதே சடங்கின் பகுதி. இன்று பட்டி பார்த்து, வழவழப்பான எமல்ஷன் அடித்த வீட்டில் பத்தாண்டுக்குச் சுவரைத் தொடுவதில்லை, பீரோவையும் அசைப்பதில்லை. சிமெண்ட் வீட்டை இடித்துவிட்டுக் காரைவீடு கட்டச் சொல்வது நடக்காத பேச்சு. ஆனால் பரண், சமையலறை, குளியலறையின் வெளிப்புறச் சுவர், பொருட்கள் அடுக்கும் அறை ஆகியவற்றிலாவது எமல்ஷனை விட்டுச் சுண்ணாம்புக்குத் திரும்பலாம். செலவும் குறைவு.

8. பருவமுறைத் தடுப்பு

சித்திரை, வைகாசி: கொத்திப் பூசும் வேலைகளுக்கு உரிய காலம். கீறல், குழாய், தளம் எல்லாவற்றையும் அப்போதே முடிக்க வேண்டும். மழை வந்தபின் அடிக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டும்.

ஆவணி, புரட்டாசி: ஆடிக்காற்று தளத்தில் கொண்டுவந்து சேர்த்த மண்ணும் வேப்பஞ்சருகும் மழைநீர்க் குழாயின் வாயை அடைத்திருக்கும். கூட்டி அள்ளி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று பார்ப்பது அரைமணி நேர வேலை. இந்த அரைமணி நேரம்தான் தடுப்புமுறை அனைத்திலும் அதிகப் பலன் தருவது. பீரோ, கட்டில், அலமாரிகளைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிவைக்க வேண்டும். பட்டுச்சேலைகளை நிழலில் ஆற விட்டு, முழுக்கக் காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம். அந்துருண்டை பூச்சிக்கு மருந்து. பூசணத்துக்கு அதை நம்பக் கூடாது.

ஐப்பசி முதல் மார்கழி வரை: சன்னலை எப்போது திறப்பது என்பதில் பலருக்கும் குழப்பம். அதிகாலை 22 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்று, மழை விட்ட நண்பகலில் 30 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 57 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். சுவரிலிருந்து நீரை வாங்கிக்கொள்ளும் திறன் அப்போதுதான் அதற்கு வருகிறது. எனவே வெயில் தலைகாட்டும் நாளில் 11 மணி முதல் 3 மணி வரை எதிரெதிர்ச் சன்னல்களை முழுக்கத் திறந்து விசிறியையும் சுழலவிட வேண்டும். மணி மருந்து காயவைப்போர் வெயிலைப் பார்ப்பதுபோல வீட்டுக்காரரும் பார்க்கலாம். சாரல் அடிக்கும் நேரத்தில் மூடிவைப்பது சரி. சமைக்கும்போதும் குளித்த பின் அரைமணி நேரமும் காற்று வெளியேற்றும் விசிறி ஓட வேண்டும். அது இல்லாத வீட்டில் சமையலறைக் கதவை உள்பக்கம் சாத்தி, வெளிச் சன்னலைத் திறந்து வைத்தால் ஆவி படுக்கையறைக்குப் போகாது. ஈரத்துணியைப் படுக்கையறைக் கொடியில் போடுவதைத் தவிர்க்க முடியாத வீடுகளில், விசிறிக்கு நேர் கீழே, ஒரே அறையில், சன்னல் திறந்து உலர்த்துவது மேல்.

9. வந்தபின் நீக்குதல்

பத்துச் சதுர அடிக்கு உட்பட்ட பரப்பை வீட்டாரே நீக்கலாம். உலர்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டவோ பிரஷ்ஷால் தேய்க்கவோ கூடாது. கோடிக்கணக்கான வித்துகள் காற்றில் பறக்கும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்புநீரில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்து, துணியை உறையில் கட்டி எறிந்து, அந்த இடத்தை அன்றே காயவைக்க வேண்டும். ஓடு, கண்ணாடி போன்ற நீர் உறிஞ்சாத பரப்புக்கு நீர்த்த பிளீச்சிங் கரைசல் பயன்படும். சுவர்ப் பூச்சு, மரம் ஆகியவற்றில் அது மேல்நிறத்தை மட்டும் வெளுக்கும். உள்ளே வேர் இழைகள் இருக்கும். பூசணத்தின் மேலேயே வண்ணம் அடிப்பதால் ஒரு மாதம் கண் ஏமாறும், அவ்வளவுதான்.

பிளீச்சிங் கரைசலோடு கழிப்பறை ஆசிட்டைச் சேர்த்தால் குளோரின் நச்சுவாயு கிளம்பும். அம்மோனியா கலந்த சலவைத் திரவத்தோடு சேர்த்தாலும் நஞ்சே. சிறிய, மூடிய குளியலறையில் இது உயிருக்கு ஆபத்து. பிளீச்சிங் பவுடர் தீயை ஊக்குவிக்கும் இயல்புடையது என்பதால் எண்ணெய், மண்ணெண்ணெய், கந்தகம் இருக்கும் இடத்தருகே வைக்கவே கூடாது. நமுத்துப்போன பட்டாசை அடுப்பருகிலோ மாடியிலோ வைத்துக் காயவைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். தண்ணீரில் முழுக்க ஊறவைத்து அப்புறப்படுத்துவதே முறை.

இலவம்பஞ்சு மெத்தையிலும் தலையணையிலும் பூசணம் புகுந்துவிட்டால் மீட்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18-ல் தென்மாவட்டங்களில் பேய்மழை கொட்டிக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. அப்படி வெள்ளம் புகுந்த வீடுகளில், தண்ணீர் வடிந்ததும் முதல் இரண்டு நாளுக்குள் நனைந்த பஞ்சையும் பாயையும் அட்டையையும் வெளியேற்றுவதே வீட்டைக் காக்கும் செயல்.

10. தானியமும் வத்தலும்

விருதுநகர் சந்தைக்குப் பருப்பு, எண்ணெய், வத்தல் என்றே பெயர். மிளகாய் வத்தலில் ஈரம் 11 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, நிலக்கடலைப் பருப்பில் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கிடங்குக் கணக்கு. நிலக்கடலையில் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் வளர்ந்தால் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. 1960-ல் இங்கிலாந்தில் பெருந்தொகையாக வான்கோழிகள் மடிந்ததை ஆராய்ந்தபோது, அவற்றின் தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று கண்டறிந்தனர். கல்லீரலைத் தாக்கும் இந்த நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாக அழியாது. பூசணம் பிடித்த கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியை வறுப்பதும், நிறம் மங்கிய வத்தலை அரைத்துப் பொடியாக்கிவிடுவதும் ஏழை வீட்டில் சிக்கனமாகத் தோன்றலாம். அந்தச் சிக்கனத்தின் விலை மிகப் பெரிது. மழைக்கு முன் கடைசி வெயிலில் காயவைத்து, சூடு ஆறிய பிறகே இறுக மூடும் டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து அந்த நீரே பூசணத்துக்கு வித்தாகும்.

11. உடல்நலம்

ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு மூச்சுக்குழல் நோய்களும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பகல் முழுவதும் ஆலையில் மருந்துத் தூசியைச் சுவாசித்துவிட்டு வரும் தொழிலாளிக்கு இரவு உறங்கும் அறையாவது தூய காற்றைத் தர வேண்டாமா?

2021 மே மாதத்தில் கொரோனாவைத் தொடர்ந்து வந்த கருப்புப் பூஞ்சை நோயைத் தமிழக அரசு அறிவிக்கத்தக்க நோயாக்கியபோது, சுவரின் கரும்புள்ளிகளைக் கண்டு பலர் நடுங்கினார்கள். அந்நோயை உண்டாக்குபவை மியூக்கர் வகைப் பூஞ்சைகள். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயும் எதிர்ப்பாற்றல் குறைவும் உள்ளோரையே பெரும்பாலும் தாக்கின. சுவர்ப் பூசணம் வேறு. அதற்கு அஞ்சி ஓட வேண்டியதில்லை. ஆனால் இருமும் குழந்தையை அதனருகே படுக்கவைக்கவும் கூடாது.

12. கட்டிக் கொடுப்போர் செய்ய வேண்டியவை

இதுவரை கூறியவற்றில் பலவற்றைச் சொந்த வீட்டுக்காரர் செய்துகொள்ளலாம். வாடகைக்கு ஒற்றை அறையில், வரிசை வீட்டில் குடியிருக்கும் தொழிலாளிக்குத் தளத்தைச் சீர்செய்யும் உரிமையோ கையில் பணமோ இல்லை. அவர் செய்யக்கூடியது பீரோவை நகர்த்துவதும் சன்னலைத் திறப்பதும் மட்டுமே. அந்த அறைக்கோ சன்னல் ஒரே பக்கத்தில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர் புரட்டாசிக்குள் தளத்தைச் சுத்தம் செய்து கசிவை அடைத்துத் தருவதை வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளும் வழக்கம் வர வேண்டும்.

அரசுத் தொகுப்பு வீடுகளில் கட்டும்போதே ஓதத்தைத் தடுக்க இன்னும் நல்ல வாய்ப்பு உண்டு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தந்து, 360 சதுர அடியில் ஊரகங்களில் வீடுகள் எழுகின்றன. கரிசலில் எழும் அத்தகைய வீட்டுக்கு நான்கு வேண்டும்: அடித்தளத்தின் மேல் ஓதத்தடுப்பு அடுக்கு, எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல், சமையல் மூலையில் அடைக்க முடியாத புகைத்துவாரம், சுவரைச் சுற்றிச் சரிவுத்தளம். நான்குக்கும் சேர்த்து ஆகும் கூடுதல் செலவு, பின்னால் திரும்பத் திரும்பப் பூச்சைக் கொத்திப் பூசும் செலவைத் தவிர்க்க உதவும். ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் கோடையில் வந்து அளந்து சான்று தரும் வீட்டை, கார்த்திகையில் ஒருமுறை ஈரமானியோடு வந்து பார்த்த பிறகே கடைசித் தவணையை விடுவிக்கும்படி விதி அமைத்தால், ஒப்பந்தக்காரரும் கொத்தனாரும் தளச் சரிவை எட்டடிக்கு ஓர் அங்குலம் வைத்தே தீர்வார்கள்.